துருக்கி மொழி வாக்கியத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியே அவிழ்க்க முடியுமா?

வைகைக்கரையான் (தொடக்கப் பதிவு)

நான்கு மாதங்களாகத் துருக்கி மொழி கற்று வருகிறேன். என் கையில் இருப்பது ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும் பாடநூல். "எல்லாம் தலைகீழாக வரும், அஞ்ச வேண்டாம்" என்று ஆறுதல் சொன்ன பிறகே ஒவ்வொரு பாடத்தையும் அது தொடங்குகிறது. நானும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலமாகப் புரட்டி, அதை மறுபடி தமிழாகப் புரட்டிப் பொருள் பிடித்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரப் பயிற்சியில் வந்த ஒரு வாக்கியத்தில் அந்த வழி முட்டி நின்றுவிட்டது. வாக்கியம் இது:

ஸனா வெர்தியிம் கிதாபு இஸ்தெயென் சொஜுவுன் அன்னெஸி கெல்தி.

நூலில் தந்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, வாக்கியத்தின் வாலிலிருந்து தலைக்கு நடக்கிறது. தாய் வந்தாள், யாருடைய தாய் என்றால் குழந்தையின் தாய், எந்தக் குழந்தை என்றால் புத்தகத்தைக் கேட்ட குழந்தை. மூன்று முறை படித்தும் பிடிபடாமல், சலிப்பில் ஒவ்வொரு துருக்கிச் சொல்லின் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதிப் பார்த்தேன்: உனக்கு, நான் கொடுத்த, புத்தகத்தை, கேட்ட, குழந்தையின், அம்மா, வந்தாள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதமாக நான் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே போய்வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

என் ஐயங்கள் இரண்டு. ஆங்கில நூலை மூடி வைத்துவிட்டுத் தமிழ் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாமா? போனால் எந்த இடத்தில் வழுக்கும்? மேற்கண்ட வாக்கியத்திலேயே ஏழு துருக்கிச் சொற்களுக்கு எனக்கு எட்டுத் தமிழ்ச் சொற்கள் தேவைப்பட்டன. அந்தக் கூடுதல் "நான்" துருக்கி வாக்கியத்தில் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

இஸ்மிர்வாசி

இஸ்மிர் நகரில் ஆறு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். உங்கள் முதல் ஐயத்துக்கு விடை, தாராளமாகப் போகலாம் என்பதே.

அதற்கு முன் எழுத்துப் பற்றி ஒன்று. 1928 நவம்பரில் சட்டமாகி வந்த துருக்கி நெடுங்கணக்கில் 29 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 8 உயிர்கள். நீங்கள் "கிதாபு" என்று முடித்த இடத்தில் இருப்பது உதடு குவித்துச் சொல்லும் உகரம் அன்று. "பாக்கு", "நாடு" என்று நாம் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிறதே, ஏறக்குறைய அந்த உகரம்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஒலிக்காகப் பல வாரங்கள் நாக்கோடு போராடுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது பிறப்போடு வந்தது. இந்த இழையில் அதை மட்டும் ஒரு குறியிட்டு, கிதாபு' என்று எழுதுவோம். உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம், எகரம் சொன்னால் வரும் வேறு இரண்டு உயிர்களும் உள்ளன. அவற்றை க்யு, க்யொ என்பதுபோல எழுதிக்கொள்ளலாம். "கெல்தி" என்பதன் முதல் ககரத்தைத் "தங்கம்" என்பதில் வரும் ககரம்போல ஒலிக்க வேண்டும்.

இனி ஒற்றுமைகள். நான் இங்கு வந்த புதிதில் ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக எழுதி வைத்தவை இவை. வந்து போனான் என்பது "கெலிப் கித்தி". அறியாத என்பது "பில்மெயென்". அறியாமல் என்பது "பில்மெதென்". எதிர்மறை நம் சொல்லில் இருப்பதைப் போலவே வினையின் வயிற்றுக்குள் "மெ" என்று உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். நானும் என்பது "பென் தெ". வருவான் என்று காத்திருந்தேன் என்பது "கெலெஜெக் தியெ பெக்லெதிம்". இதில் வரும் "தியெ", சொல்லுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. நம் "என்று" என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் "என்" என்னும் வினையிலிருந்து வந்ததுதானே? புத்தகம் கித்தகம் என்று நாம் சொல்வதை அவர்கள் "கிதாப் மிதாப்" என்பார்கள். நாம் கிகரத்தைப் போடும் இடத்தில் அவர்கள் மகரத்தைப் போடுகிறார்கள், அலட்சியம் ஒன்றேதான்.

கேள்வியும் அப்படியே. நம் ஆகாரத்தைப் போல அவர்களிடம் "மி" இருக்கிறது. எந்தச் சொல்லில் ஐயமோ அந்தச் சொல்லின் பின்னால் போய் நிற்கும். "அலி கெல்தி மி" என்றால் அலி வந்தானா. "அலி மி கெல்தி" என்றால் அலியா வந்தான். "அலி எவெ மி கெல்தி" என்றால் அலி வீட்டுக்கா வந்தான்.

வழுக்கும் இடங்களைத் தனிப் பதிவாக எழுதுகிறேன். அவை சற்று நீளும்.

கடைசிபெஞ்சு

இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதென்றால், தமிழும் துருக்கியும் ஒரே குடும்பம் என்று சிலர் சொல்வது உண்மைதானா?

இலக்கணக்கிழவர்

அந்தக் கருத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1856இல் கால்டுவெல் பாதிரியார் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோதே, அவற்றைத் துருக்கி, பின்லாந்து மொழி முதலியவற்றை உள்ளடக்கித் தாம் "சித்திய" மொழிகள் என்று அழைத்த கூட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று அவர் நிறுவியது நிலைத்தது. சித்திய உறவு நிலைக்கவில்லை. விகுதிமேல் விகுதி ஒட்டுவதும் வினையைக் கடைசியில் வைப்பதும் ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும்கூட உண்டு. ஒரே அச்சில் வார்த்த பாத்திரங்கள் ஒரே வீட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உறவைக் காட்ட ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு அடிச்சொற்கள் ஒத்துவர வேண்டும். அது இங்கே இல்லை.

எனக்குத் துருக்கி தெரியாது. நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். உயிர் ஈற்றுச் சொல்லின் பின் உயிரில் தொடங்கும் விகுதி வந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? நமக்கு உடம்படுமெய் இருக்கிறது.

இஸ்மிர்வாசி

ஐயா, அவர்களுக்கும் இருக்கிறது, அதுவும் யகரம்தான். "அரபா" என்றால் வண்டி. வண்டியை என்பது "அரபாயு'". நாம் கலாவை என்று வகரம் போடும் இடத்திலும் அவர்கள் யகரமே போடுவார்கள். சாரியைக்கும் ஓர் ஒப்புமை உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி வழுக்கும் இடங்கள். முதலாவது, வைகைக்கரையாரின் காணாமற்போன "நான்". அது "வெர்தியிம்" என்பதன் கடைசியில், "இம்" என்ற விகுதியில் இருக்கிறது. "எவ்" என்றால் வீடு, "எவிம்" என்றால் என் வீடு; அதே உடைமை விகுதிதான் பெயரெச்சத்திலும் வந்து ஒட்டுகிறது. வெர்தியிம் என்றால் நான் கொடுத்த, வெர்தியின் என்றால் நீ கொடுத்த, வெர்தி என்று இகரத்தை நீட்டி முடித்தால் அவன் அல்லது அவள் கொடுத்த. நம் பெயரெச்சம் "கொடுத்த" என்று வெறுமனே நிற்கிறது. யார் கொடுத்தது என்பதை முன்னால் ஒரு சொல் வைத்துச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அதைப் பெயரெச்சத்தின் உடம்பிலேயே எழுதிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. "கேட்ட குழந்தை", "கேட்ட புத்தகம்" என்ற இரண்டிலும் நமக்கு ஒரே "கேட்ட" போதும். குழந்தை கேட்டது, புத்தகம் கேட்கப்பட்டது என்பதை உலக அறிவு சொல்லிவிடும். "பார்த்த பெண்" என்றால் அவள் பார்த்தாளா, அவளைப் பார்த்தார்களா என்று நாம் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். துருக்கி இந்தச் சலுகையைத் தருவதில்லை. பின்னால் வரும் பெயரே செயலைச் செய்தது என்றால் "என்" விகுதி: "இஸ்தெயென் சொஜுக்", கேட்ட குழந்தை. வேறொருவர் செய்திருந்தால் ஆளைக் காட்டும் வடிவம்: "இஸ்தெதியிம் கிதாப்", நான் கேட்ட புத்தகம்.

இதை நான் கற்றது ஒரு தேநீர்க் கடையில். நான் கேட்ட தேநீர் வந்துவிட்டதா என்று விசாரிக்க நினைத்து, தமிழ்ப் புத்தியில் "இஸ்தெயென் சாய் கெல்தி மி" என்று கேட்டேன். அதன் பொருள் "கேட்கிற தேநீர் வந்ததா" என்பதாகும். கடைக்காரப் பையன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "சாய் பிர் ஷெய் இஸ்தெமெஸ், ஆபி" என்றான். தேநீர் எதையும் கேட்காது, அண்ணே.

எழுவாய் வெளிப்படையாக வந்தால் அதற்கும் வேற்றுமை வேண்டும். அலி கொடுத்த புத்தகம் என்பதை "அலி வெர்தி கிதாப்" என்று கட்டக்கூடாது. "அலினின் வெர்தி கிதாப்" என்றே சொல்ல வேண்டும். நேராகப் பெயர்த்தால் "அலியின் கொடுத்த புத்தகம்" என்று நம் காதுக்கு உறுத்தும் வடிவம் கிடைக்கிறது. தமிழர்கள் நீண்ட காலம் செய்துகொண்டே இருக்கும் பிழை இதுதான். நானும் இரண்டாண்டுகள் செய்தேன்.

வைகைக்கரையான்

தேநீர்க் கதைக்கு நன்றி, அண்ணா. என் பாடநூல் இந்த இரண்டு பெயரெச்சங்களையும் ஐம்பது பக்க இடைவெளியில் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே தேவைக்கான இரு வழிகள் என்பதை அது சொல்லவே இல்லை. அவ்விரண்டும் என் வாக்கியத்திலேயே அருகருகே இருந்திருக்கின்றன. வெர்தியிம் கிதாப், இஸ்தெயென் சொஜுக்.

இரண்டாம் வேற்றுமையைப் பற்றியும் கேட்க வேண்டும். சில வாக்கியங்களில் "கிதாப் ஒகுதும்" என்றும், சிலவற்றில் "கிதாபு' ஒகுதும்" என்றும் வருகிறதே?

இஸ்மிர்வாசி

புத்தகம் படித்தேன், புத்தகத்தைப் படித்தேன். முதலாவதில் எந்தப் புத்தகம் என்பது பொருட்டன்று. இரண்டாவதில் இருவருக்கும் தெரிந்த புத்தகம். இதை ஆங்கிலேயருக்கு விளக்க ஒரு பாடம் முழுவதும் தேவைப்படும்; நமக்கு ஒரு வரி போதும். ஆனால் உயர்திணையில் கவனம் வேண்டும். "ஒரு குழந்தையைப் பார்த்தேன்" என்பதில் ஐகாரத்தை நாம் விட முடியாது. துருக்கியில் அறிமுகமில்லாத குழந்தையாக இருந்தால் உருபு வேண்டியதில்லை: "பிர் சொஜுக் க்யொர்த்யும்". அவர்கள் பார்ப்பது தெரிந்ததா தெரியாததா என்பதை மட்டுமே, திணையைப் பார்ப்பதில்லை.

திணை பால் என்ற பேச்சே அங்கு இல்லை. "கெல்தி" என்பது வந்தான், வந்தாள், வந்தது மூன்றுக்கும் பொதுவானது. உங்கள் வாக்கியத்து அன்னையை நீங்கள் "வந்தாள்" என்றீர்கள், ஐயா "வந்தார்" என்பார். துருக்கி இரண்டுக்கும் பொறுப்பேற்காது.

கடைசிபெஞ்சு

என் தலைவலி வேறு. ஒரு கதையில் "எவினி ஸத்து'" என்று வந்தது. "தன் வீட்டை விற்றான்" என்று படித்தேன். வகுப்பில் ஆசிரியர், "உன் வீட்டை விற்றான் என்றும் பொருள்படும்" என்றார். அடுத்தவன் என் வீட்டை விற்பதற்கும் தன் வீட்டை விற்பதற்கும் வேறுபாடு காட்டாத மொழியை எப்படி நம்புவது?

இஸ்மிர்வாசி

பத்திரப் பதிவுக்குப் போகும்போது கவலைப்படுங்கள். இங்கேதான் நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன சாரியை வருகிறது.

"எவ்" வீடு. "எவின்" உன் வீடு. "எவி" அவன் வீடு. இவற்றோடு இரண்டாம் வேற்றுமையின் இகரத்தைச் சேர்க்க வேண்டும். "எவின்" மெய்யில் முடிவதால் நேராகச் சேர்ந்து "எவினி" ஆகிறது. "எவி" உயிரில் முடிகிறது. ஆனால் மூன்றாம் ஆளின் உடைமை விகுதிக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் அவர்கள் யகரத்தைப் போடாமல் ஒரு னகரத்தை நுழைக்கிறார்கள். அதனால் இதுவும் "எவினி". வந்த வழி வேறு, சேர்ந்த இடம் ஒன்று. வீட்டில் என்பதற்கும் இதே கதிதான்: "எவ்தெ" என்றால் வெறும் வீட்டில், "எவிந்தெ" என்றால் உன் வீட்டிலும் ஆகும், அவன் வீட்டிலும் ஆகும். ஐயம் தீர வேண்டுமானால் "ஸெனின்" (உன்னுடைய) அல்லது "ஒனுன்" (அவனுடைய) என்று முன்னால் சேர்ப்பார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். "எவி" என்ற வடிவமே அவன் வீடு என்றும் ஆகும், வீட்டை என்றும் ஆகும். எது என்பதை வினையைக் கண்ட பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

இலக்கணக்கிழவர்

அருமை. மரம் என்பது நேராக உருபேற்காமல் அத்துச் சாரியை பெற்று மரத்தை என்று ஆவதும், அது என்பது அன் சாரியை பெற்று அதனை என்று ஆவதும் இதற்குச் சற்று இணையாகத் தோன்றுகின்றன. அவர்களுடைய சுட்டுப்பெயருக்கும் இந்த னகரம் உண்டா?

இஸ்மிர்வாசி

உண்டு ஐயா. அது என்பது "ஒ". அதனை என்பது "ஒனு". அதில் என்பது "ஒந்தா". குடும்ப உறவு இல்லை என்று தாங்கள்தான் முன்னர் எழுதினீர்கள். இல்லையென்றால் கடைசிபெஞ்சு இந்நேரம் கொடி ஏற்றியிருப்பார்.

இந்த னகரத்தைத் தெருவிலேயே பார்க்கலாம். இஸ்தான்புல்லின் கலதா கோபுரத்துக்குக் "கலதா குலெஸி" என்று பெயர். "குலெ" என்றால் கோபுரம். கடைசியில் இருக்கும் "ஸி" அதனுடைய என்று பொருள்படும் விகுதி. கலதா, அதன் கோபுரம். இரண்டு பெயர்கள் சேர்ந்து தொகையானால் பின்னதற்கு இந்த விகுதி வந்தாக வேண்டும். ஊஸ்குதார் கரையை ஒட்டிக் கடலுக்குள் நிற்கும் கன்னிக் கோபுரம் "கு'ஸ் குலெஸி". நாம் வேற்றுமைத் தொகையில் உருபை மறைக்கிறோம். அவர்கள் தொகை என்பதற்கே ஓர் அடையாளத்தை வெளியில் காட்டுகிறார்கள். கோபுரத்தில் என்று சொல்லப் போனால் "கு'ஸ் குலெஸிந்தெ", னகரம் வந்துவிட்டது. அங்கே இருக்கிற என்று நீட்டினால் "கு'ஸ் குலெஸிந்தெகி". இந்தக் "கி" நமக்குக் கிடைக்காத வசதி; "வீட்டில்" என்பதோடு "இருக்கிற" என்பதைச் சேர்த்து நாம் சொல்வதை அது ஓர் எழுத்தில் முடித்துவிடுகிறது.

கடைசிபெஞ்சு

அப்படியே எல்லாரும் படம் போட்டுக் காட்டும் அந்த நீண்ட சொல்லையும் யாராவது உடைத்துக் காட்டுங்கள். செகொஸ்லொவாக்யாலு'லாஷ்து'ராமாது'க்லாரு'மு'ஸ்தான்மு'ஷ்ஸு'நு'ஸ்.

இஸ்மிர்வாசி

ஆறு ஆண்டுகளில் இதை ஒருவரும் வேலையோடு சொல்லிக் கேட்டதில்லை, விளையாட்டுச் சொல். நடைமுறையில் ஒரு சொல்லில் மூன்று நான்கு விகுதிகளைத் தாண்டுவது அரிது. இருந்தாலும் வரிசையைப் பார்க்க உதவும்: செக்கோஸ்லோவாக்கியா, அதைச் சேர்ந்தவர், ஆகு, ஆக்கு, முடியாது, எச்சம், கள், எங்கள், இலிருந்து, ஆம், நீங்கள். எங்களால் செக்கோஸ்லோவாக்கியராக ஆக்க முடியாமற்போனவர்களுள் நீங்களும் ஒருவராம்.

இதில் ரசிக்க வேண்டியது இறுதிக்கு முன் நிற்கும் "மு'ஷ்". நம் "ஆம்" அதில் பாதிதான். அலி வந்தான் என்பதைக் கண்ணால் கண்டவர் "கெல்தி" என்பார். கேள்விப்பட்டவர் "கெல்மிஷ்", வந்தானாம், என்பார். அலியை யாரும் பார்க்கவில்லை, வாசலில் அவன் செருப்பு கிடக்கிறது என்றாலும் "கெல்மிஷ்"தான். அங்கே நாம் "வந்தானாம்" என்று சொல்ல மாட்டோம், "வந்திருக்கிறான்" என்போம். செவிவழி அறிந்ததற்கும் தடயம் கண்டு ஊகித்ததற்கும் நாம் இரண்டு வடிவங்கள் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு ஒன்றே போதும். தன்மையிலும் வரும். பேருந்தில் கண் அயர்ந்து எழுந்தவர் "உயுமுஷும்" என்பார், தூங்கிப்போய்விட்டேன் போலிருக்கிறது. தன் தூக்கத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாதல்லவா? கதைகளை "பிர் வர்மு'ஷ், பிர் யொக்முஷ்" என்று தொடங்குவார்கள். இருந்ததாம், இல்லையாம். நம் பாட்டிமாரும் "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்" என்று பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டுத்தானே தொடங்கினார்கள்?

வைகைக்கரையான்

"மு'ஷ்", "மிஷ்", "முஷ்" என்று ஒரே விகுதி வேடம் மாற்றிக்கொண்டே இருக்கிறதே. இதை மனப்பாடம் செய்வதா?

இஸ்மிர்வாசி

மனப்பாடம் வேண்டாம், வாயை நம்புங்கள். சொல்லின் கடைசி உயிர் எதுவோ அதன் சாயல் விகுதியிலும் வரும். எவிம், கு'ஸு'ம், ஒகுலும், க்யுல்யும்: என் வீடு, என் மகள், என் பள்ளி, என் ரோஜா. நாக்கு முன்னால் இருந்தால் முன்னாலும், உதடு குவிந்திருந்தால் குவிந்தும் தொடரும். பன்மைக்கு இரண்டே வடிவம்: எவ்லெர், அரபாலார். அரபியிலிருந்து வந்த சில சொற்கள் அடங்காதவை. மணியைக் குறிக்கும் "ஸாத்" பன்மையில் "ஸாத்லெர்" ஆகும். எண்ணுப்பெயர் வந்தால் பன்மை விகுதியே வேண்டாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் "நாலு ஆடு", "பத்து நாள்" என்பதைப் போல.

இப்போது ஒரு சோதனை: அலினின் எவிந்தெ உனுத்தூன் கிதாபு' அன்னெஸி புல்முஷ். "உனுத்" என்றால் மற, "புல்" என்றால் கண்டெடு. ஆங்கிலத்தின் பக்கம் போகாமல் வாருங்கள்.

வைகைக்கரையான்

முயல்கிறேன். அலினின், அலியின். எவிந்தெ, தனியே நின்றால் உன் வீட்டிலா அவன் வீட்டிலா என்று தெரியாது. முன்னால் அலி நிற்பதால் அவன் வீட்டில். உனுத்தூன், ஆளைக் காட்டும் பெயரெச்சம். கடைசியில் இருப்பது "நீ". கிதாபு', இன்ன புத்தகம் என்று தெரிந்ததால் உருபு. அன்னெஸி, அவனுடைய அம்மா. புல்முஷ், கண்டெடுத்தாராம்.

அலியின் வீட்டில் நீ மறந்து வைத்துவிட்டு வந்த புத்தகத்தை அவனுடைய அம்மா கண்டெடுத்தாராம்.

ஒன்று மட்டும் உறுதியாகவில்லை. அது அலியின் அம்மாதானா, வேறு யாருடைய அம்மாவாகவும் இருக்கலாமா?

இஸ்மிர்வாசி

உங்கள் தமிழ் வாக்கியத்தில் "அவனுடைய அம்மா" யாருடைய அம்மா என்று எப்படி முடிவு செய்வீர்களோ அப்படித்தான் அவர்களும் செய்கிறார்கள். அலியின் அம்மாவாகத்தான் இருப்பார்.

இலக்கணக்கிழவர்

தம்பி, முதற்சொல்லான "அலினின்" என்பதை நீக்கிவிட்டால் அந்த வீடு யாருடையதாகும்?

வைகைக்கரையான்

பின்னால் "நீ மறந்த" என்று வருவதால் "உன் வீட்டில்" என்றே முதலில் படிப்பேன், ஐயா. ஆனால் கடைசிபெஞ்சு ஒப்புக்கொள்ள மாட்டார்.